கரியர் சென்டருக்கு காசு தேடுறீங்களா? முதல்ல எதை விக்கக்கூடாதுன்னு பாருங்க

ஆலோசனை கேட்டு எனக்கு வந்த லெட்டர் நாலு பக்கம், பேரும் அடையாளமும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன். எழுதினவங்க ஒரு பல்கலைக்கழக கரியர் சென்டரோட, அதாவது மாணவர்களுக்கு வேலை தேட வழிகாட்டற பிரிவோட, டைரக்டர். மூணு கவுன்சிலர், ஒரு ஆபீஸ் அசிஸ்டன்ட், இதுதான் மொத்த டீம். அடுத்த நிதியாண்டுல பட்ஜெட்ல கால்வாசி வெட்டுன்னு ஃபைனான்ஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு, கீழ ஒரு வரி, "மையம் சொந்தமாக வருவாய் ஈட்டும் வழிகளை ஆராயவும்." ஒரு கவுன்சிலரோட கான்ட்ராக்ட் இந்த வருஷக் கடைசியில முடியுது, அவங்களை வச்சுக்க முடியுமான்னே தெரியலையாம்.

நாலு வழி யோசிச்சிருக்காங்க. ஒண்ணு, கம்பெனி ஒரு மாணவரை எடுத்தா முதல் வருஷ சம்பளத்துல ஒரு சதவீதம் கமிஷன். ரெண்டு, ரெஸ்யூமே பார்க்கறதுக்கும் மாக் இன்டர்வியூவுக்கும் (ஒத்திகை நேர்காணல்) மாணவர்கள்கிட்ட ஃபீஸ். மூணு, ஒரு சாப்ட்வேர் கம்பெனி, வேலை தேடற மாணவர்கள் விவரம் பதியற தன்னோட ப்ளாட்ஃபார்மை இலவசமா தர்றேன்னு சொல்லுது, மேல சென்டருக்கு வருஷாவருஷம் ஒரு தொகையும் தருமாம். நாலு, ஒரு பெரிய கம்பெனி அஞ்சு வருஷ ஸ்பான்சரா வர ரெடி, பதிலுக்கு சென்டருக்கு அவங்க பேர் வைக்கணும், கேம்பஸ் இன்டர்வியூ சீசன்ல முதல் ரெண்டு வாரம் வேற யாரும் உள்ள வரக்கூடாது.

"கம்பெனிக்காரங்க எங்ககிட்ட ஓசியிலயே ஆள் எடுத்துட்டுப் போறாங்க, அவங்ககிட்ட காசு வாங்கறதுல என்ன தப்பு? எதுல நான் சட்டப்படி மாட்டிப்பேன், எதுல மாட்டிக்க மாட்டேன்னு சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க.

இனிமே உங்ககிட்டயே பேசறேன் மேடம். நான் வக்கீல், கல்வி நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் அக்ரிமென்ட் எழுதறதும் பார்க்கறதும்தான் என் வேலை, அதனால என் கண்ணு முதல்ல ரிஸ்க் மேலதான் போகும், அதை மனசுல வச்சுட்டு படிங்க. உங்க நாலுல முதல் ரெண்டும் வேண்டாம். மூணாவதும் நாலாவதும் இப்ப இருக்கற மாதிரி வேண்டாம், மாத்தி எழுதினா ஆகும். உண்மையான காசு இருக்கற இடம் உங்க லிஸ்ட்லயே இல்ல, அதுக்கு கடைசியில வர்றேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. லெட்டர்ல மூணு இடத்துல "எங்களுக்கு வர்ற பணம்"னு எழுதியிருக்கீங்க. கரியர் சென்டர் சட்டத்தோட கண்ணுல தனி ஆள் இல்ல, பல்கலைக்கழகத்தோட ஒரு பிரிவு. அக்ரிமென்ட் போடறது பல்கலைக்கழகம், பணம் வாங்கறதும் அதுதான். நீங்க அலைஞ்சு கொண்டு வந்த ஸ்பான்சர் தொகை பொது கணக்குல போய் விழுந்தா, அதை உங்களுக்குத்தான் திருப்பித் தரணும்னு யாருக்கும் கட்டாயம் இல்ல. இந்தப் பணம் இந்த வேலைக்கு மட்டும்னு கொடுக்கறவர் எழுத்துல சொல்லி, பல்கலைக்கழகமும் அப்படியே ஏத்துக்கிட்டாத்தான் உங்களுக்கு பாதுகாப்பு. அதனால வெளிய ஒருத்தர்கிட்ட கை நீட்டறதுக்கு முன்னாடி ஃபைனான்ஸ்கிட்ட மூணு கேள்விக்கு எழுத்துல பதில் வாங்குங்க: எங்க பேர்ல தனி கணக்குத் தலைப்பு உண்டா, வர்ற தொகையில நிர்வாகச் செலவுன்னு எவ்வளவு பிடிப்பீங்க, வருஷக் கடைசியில மிஞ்சினா அடுத்த வருஷத்துக்குப் போகுமா இல்ல காலாவதியா. கூடவே நாலாவதா ஒண்ணு கேட்டா முகம் சுளிப்பாங்க, இருந்தாலும் கேளுங்க, நாங்க வெளிய கொண்டு வர்ற அளவுக்கு நீங்க கொடுக்கறதுல குறைப்பீங்களான்னு. நிறைய இடத்துல அதுதான் நடக்குது, சென்டர் ஓடி ஓடி சம்பாதிக்கும், அடுத்த பட்ஜெட்ல "உங்களுக்குத்தான் வருமானம் இருக்கே"ன்னு இன்னொரு வெட்டு வரும்.

கமிஷன் ஏன் வேண்டாம்

கம்பெனிகிட்ட காசு வாங்கறதுல தப்பே இல்ல. எதுக்காக வாங்கறோம்ங்கறதுலதான் விஷயம். ஜாப் ஃபேர்ல ஒரு டேபிளுக்கு வாங்கற கட்டணம், யாரை எடுத்தாலும் எடுக்காட்டாலும் ஒண்ணுதான், அது இடத்துக்கும் ஏற்பாட்டுக்கும் வாங்கறது. கமிஷன் அப்படி இல்ல, மாணவர் அந்த வேலைக்கு சரின்னு சொன்னாத்தான் உங்களுக்கு காசு. இப்ப யோசிங்க, ஒரு பொண்ணு ஆஃபர் லெட்டரை எடுத்துட்டு உங்க கவுன்சிலர் முன்னாடி உக்காந்திருக்கு, மூணு வருஷம் பாண்டு, நடுவுல விட்டா அபராதம்னு அதுல இருக்கு. "இது வேண்டாம்மா, இன்னும் ஒரு மாசம் பொறு"ன்னு சொல்றதுதான் கவுன்சிலரோட வேலை. அப்படி சொன்னா சென்டருக்கு வரவேண்டிய பணம் போச்சு. உங்க கவுன்சிலர் எவ்வளவு நேர்மையானவங்களா இருந்தாலும் அந்த ரூம்ல மூணாவதா ஒரு ஆள் உக்காந்திருப்பாரு.

சட்டப் பக்கமும் இருக்கு. பல நாடுகள்ல ஆள் சேர்த்து விட்டு அதுக்கு காசு வாங்கறது வேலைவாய்ப்பு ஏஜென்சி தொழில், அதுக்கு லைசென்ஸோ பதிவோ தேவை. கல்வி நிறுவனத்துக்கு விலக்கு இருக்கற இடத்துலயும் ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்க ஆரம்பிச்சா அந்த விலக்கு நிக்குமான்னு சந்தேகம்தான். வரி விலக்குள்ள நிறுவனமா இருந்தா, இந்த வருமானம் கல்வி நோக்கத்துக்கு சம்பந்தப்பட்டதான்னு தனியா ஒரு கேள்வி வரும்.

மாணவர்கிட்ட ஃபீஸ்

இது சுருக்கமா முடிஞ்சுடும். வேலை தேடற ஆள்கிட்ட காசு வாங்கக்கூடாதுங்கறது உலக அளவுல பழைய கொள்கை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919ல போட்ட ரெண்டாவது உடன்படிக்கையே இலவச பொது வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வேணும்னு சொல்லுது. 1997ல வந்த 181-வது உடன்படிக்கையோட ஏழாவது பிரிவு, தனியார் ஏஜென்சிகள் வேலை தேடறவங்ககிட்ட நேரடியாவோ மறைமுகமாவோ கட்டணம் வாங்கக்கூடாதுன்னு சொல்லுது, சில விதிவிலக்குகள் உண்டு. அந்த ரெண்டும் பல்கலைக்கழகத்தை நேரா கட்டுப்படுத்தாது, அதையும் சொல்லிடறேன். ஆனா லாபத்துக்கு நடத்தற ஏஜென்சியே வாங்கக்கூடாததை, ஏற்கனவே டியூஷன் ஃபீஸ் கட்டின மாணவர்கிட்ட நீங்க வாங்கினா அதை எப்படி நியாயப்படுத்துவீங்க? ரெஸ்யூமே பார்க்க ஃபீஸ் வச்ச மறுநாளே வராம போறது யாருன்னு உங்களுக்கே தெரியும், வீட்டுல முதல் தலைமுறையா படிக்க வந்த பசங்கதான்.

மாணவர் பேரவையே விவாதிச்சு, எல்லாருக்கும் சமமா ஒரு சின்ன தொகையை செமஸ்டர் கட்டணத்துல சேர்க்கலாம்னு முடிவு பண்ணினா அது வேற. படிச்சு முடிச்சு சில வருஷம் ஆன அலும்னிக்கு, முதல் சில வருஷம் இலவசம், அதுக்கப்புறம் கட்டணம்னு வைக்கறதும் சரிதான், வேலையில இருக்கறவங்க வேற வேலைக்கு மாற உதவி கேட்டு வர்றாங்க, அவங்களால கொடுக்க முடியும். பெரிய தொகை வரும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

இலவச சாப்ட்வேர்: பன்னண்டாவது பக்கத்தை படிங்க

நீங்க அனுப்பின டிராஃப்ட் அக்ரிமென்ட்டை முழுசா படிச்சேன். முதல் பதினோரு பக்கம் நல்லாத்தான் இருக்கு. பன்னண்டாவது பக்கத்துல வர்ற வாக்கியத்தோட சாரம் இது: மாணவர் பதிவேற்றும் விவரங்களை நிறுவனம் தன் சேவையை மேம்படுத்தவும் அதைச் சார்ந்த நோக்கங்களுக்கும் பயன்படுத்தலாம், அதன் துணை நிறுவனங்களோடும் கூட்டாளிகளோடும் பகிரலாம். இந்த "சார்ந்த நோக்கங்கள்"ங்கற ரெண்டு வார்த்தைக்குள்ள கோச்சிங் விளம்பரம், கல்விக் கடன் விளம்பரம், ஆள் எடுக்கற ஏஜென்சிக்கு ரெஸ்யூமே விக்கறது எல்லாம் அடங்கிடும். அதே பக்கத்துக் கீழ, அக்ரிமென்ட் முடிஞ்ச பிறகும் ஏற்கனவே சேர்ந்த டேட்டா மேல உரிமை தொடரும்னு இருக்கு. வருஷாவருஷம் உங்களுக்குத் தர்றேன்னு சொல்ற தொகை எதுக்குன்னு இப்ப புரியுதா?

"மாணவர்தான் ஐ அக்ரீ கிளிக் பண்றாரே"ன்னு கேக்கறீங்க. வேலை வேணும்னா இந்த ப்ளாட்ஃபார்ம்ல பதிஞ்சே ஆகணும்னு சொல்லிட்டு அப்புறம் சம்மதம் கேட்டா அது என்ன சம்மதம்? ஐரோப்பாவுல 2018 மே மாசத்துல இருந்து நடைமுறையில இருக்கற ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இதை நேராவே சொல்லுது, சம்மதம் சுதந்திரமா கொடுத்ததா இருக்கணும், ரெண்டு தரப்புக்கும் நடுவுல பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தா அந்த சம்மதத்தை நம்ப முடியாது. அமெரிக்காவுல 1974ல வந்த ஃபெர்பா சட்டம் மாணவர் கல்விப் பதிவுகளை வெளிய கொடுக்கறதுக்கு வரம்பு போடுது. உங்க நாட்டு சட்டம் எப்படி இருந்தாலும் திசை இதுதான். நாளைக்கு ஒரு மாணவர் கேஸ் போட்டா பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம், அந்தக் கம்பெனி இல்ல, ஏன்னா நஷ்ட ஈட்டுப் பொறுப்பை அவங்க பதினாலாவது பக்கத்துல உங்க தலையில கட்டியிருக்காங்க.

ப்ளாட்ஃபார்ம் தேவைதான், அதை மறுக்கல. அவங்க கொடுக்கற தொகையை விட்டுடுங்க, "சார்ந்த நோக்கங்கள்" போகணும், துணை நிறுவனப் பகிர்வு போகணும், ஒப்பந்தம் முடிஞ்சா குறிப்பிட்ட நாளுக்குள்ள டேட்டாவை அழிச்சு எழுத்துல உறுதி தரணும், பொறுப்பு அவங்க மேலயும் இருக்கணும். ஒத்துக்கிட்டாங்கன்னா வாங்குங்க. ஒத்துக்கலன்னா அவங்க வந்தது டேட்டாவுக்காகத்தான்.

ஸ்பான்சர்: பேரைக் கொடுக்கலாம், கதவைக் கொடுக்கக்கூடாது

சென்டருக்கு ஒருத்தர் பேர் வைக்கறது புதுசு இல்ல. அயோவா பல்கலைக்கழகத்துல கரியர் சென்டர் பொமெரன்ட்ஸ் பேர்ல இருக்கு, மயாமி பல்கலைக்கழகத்துல டாப்பல் பேர்ல. கவனிச்சீங்களா, ரெண்டும் தனி மனுஷங்களோட பேரு. நன்கொடையாளர் குடும்பத்துக்கு உங்க மாணவர்கள்கிட்ட இருந்து எதுவும் வேண்டியதில்ல. ஆள் எடுக்கற கம்பெனிக்கு வேணும், அதுலதான் சிக்கலே. அந்தக் கம்பெனி பேர் வாசல்ல இருக்கற வரைக்கும் அவங்களோட போட்டி கம்பெனி உள்ள வர யோசிக்கும். அஞ்சு வருஷத்துக்குள்ள அவங்க ஏதாவது வழக்குலயோ ஊழல்லயோ மாட்டினா என்ன பண்றதுன்னும் டிராஃப்ட்ல ஒரு வரி கூட இல்ல.

அந்த முதல் ரெண்டு வாரம் விஷயம் இன்னும் மோசம். அமெரிக்காவுல 1956ல ஆரம்பிச்ச கல்லூரிகள் மற்றும் வேலை கொடுப்போர் தேசிய சங்கம், நேஸ்னு சொல்வாங்க, உங்க துறைக்கு நெறிமுறைகள் எழுதி வச்சிருக்கு. அதுல ஒண்ணு, நிதியுதவி, பரிசு, உறவு எதையும் நிபந்தனையா வைக்காம எல்லாருக்கும் சமமான வாய்ப்பு தரணும்ங்கறது. உங்க ஸ்பான்சர் கேக்கறது அதுக்கு நேர் எதிர். வரிப் பக்கமும் இடிக்கும். அமெரிக்க வருமான வரிச் சட்டத்துல 1997ல சேர்த்த ஒரு பிரிவு, ஸ்பான்சர் பேரையும் லோகோவையும் போட்டு நன்றி சொல்றது வரைக்கும் வரி இல்லாத ஸ்பான்சர்ஷிப்னு ஏத்துக்குது, பதிலுக்கு பெருசா ஏதாவது பலன் கொடுத்தா அந்த அளவுக்கு பாதுகாப்பு போயிடும். வேற நாடுகள்லயும் நன்கொடைக்கும் விளம்பரத்துக்கும் நடுவுல இந்த மாதிரி ஒரு கோடு இருக்கும், உங்க ஆடிட்டர்கிட்ட கேளுங்க.

அவங்களை விரட்ட வேண்டாம், ஆனா வேற டிராஃப்ட் கொடுங்க. சென்டருக்கு முழுசா பேர் வைக்கறதுக்குப் பதிலா இன்டர்வியூ ரூமுக்கோ ஒரு இன்டர்ன்ஷிப் உதவித்தொகைக்கோ அவங்க பேர் வைக்கலாம். பேனர்ல லோகோ, மாணவர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்த வாய்ப்பு, வருஷத்துக்கு ஒருமுறை டைரக்டர் கூட ஒரு மீட்டிங், இதெல்லாம் கொடுக்கலாம். இன்டர்வியூ தேதியும் மாணவர் பட்டியலும் பேரத்துக்கு வெளியில. ஸ்பான்சருக்கு நற்பேர் கெட்டா பேரை எடுத்துடற உரிமை பல்கலைக்கழகத்துக்கு வேணும். அப்புறம், ஒரே பெரிய கம்பெனியை விட நடுத்தரமா எட்டு பத்து கம்பெனி நல்லது, ஒருத்தர் போனாலும் உங்க கவுன்சிலரோட சம்பளம் நிக்காது. ஜாப் ஃபேர் கட்டணத்தையும் சின்ன கம்பெனி, தொண்டு நிறுவனம், பெரிய கம்பெனின்னு படிப்படியா வைங்க, கட்டணம் கட்ட முடியாத நல்ல வேலை கொடுக்கறவங்களை இழந்துடாதீங்க.

உங்க லிஸ்ட்ல இல்லாத இடங்கள்

நீங்க வெளியவே பார்த்துட்டு இருக்கீங்க. பல்கலைக்கழகத்துக்குள்ளயே உங்க உழைப்பால பலன் அடையறவங்க இருக்காங்க, காசு கொடுக்காம. அட்மிஷன் பிரோஷர்ல வேலை கிடைச்ச சதவீதத்தை பெரிய எழுத்துல போடறாங்களே, அந்த எண்ணை வருஷம் பூரா போன் பண்ணி சேகரிக்கறது யாரு? உங்க அசிஸ்டன்ட். சில துறைகளுக்கு அது அங்கீகாரத்துக்கே தேவை, அமெரிக்க சட்டக் கல்லூரிகள் பட்டதாரிகளோட வேலை விவரத்தை வெளியிட்டே ஆகணும்னு அங்க இருக்கற வக்கீல்கள் சங்கமான பார் அசோசியேஷன் விதியே வச்சிருக்கு. அட்மிஷன் ஆபீஸும் டீன்களும் அந்த சர்வே செலவுல பங்கு எடுக்கட்டும், இது பிச்சை இல்ல, பில்.

அதை விட பெருசு, பங்குச் சம்பளம். உங்க அப்பாயின்ட்மென்ட் பதிவை துறைவாரியா பிரிச்சுப் பாருங்க. அனேகமா ரெண்டு மூணு துறைதான் பாதிக்கு மேல வரும். அந்த டீன்கிட்ட போய், எங்க கவுன்சிலர் வாரத்துல ரெண்டு நாள் உங்க பில்டிங்லயே உக்காருவாங்க, பாதி சம்பளம் உங்க பட்ஜெட்ல இருந்துன்னு கேளுங்க. கான்ட்ராக்ட் முடியப்போற கவுன்சிலரை காப்பாத்த எனக்குத் தெரிஞ்ச வேகமான வழி இதுதான். ஆனா எழுத்துல போடும்போது கவுன்சிலர் யாருக்கு ரிப்போர்ட் பண்ணுவாங்க, டீன் மாறினா என்ன ஆகும், விலகணும்னா எத்தனை மாசம் முன்னாடி சொல்லணும்னு தெளிவா இருக்கட்டும்.

அடுத்தது அலும்னி. இங்க உங்களுக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கு, "பணக்கார அலும்னி ஒருத்தர் நிரந்தர நிதி கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துடும்"னு எழுதியிருக்கீங்க. நிரந்தர நிதியில அசலைத் தொட முடியாது, பல பல்கலைக்கழகங்கள்ல வருஷத்துக்கு 4ல இருந்து 5 சதவீதம்தான் செலவுக்கு எடுப்பாங்க. அப்ப ஒரு கவுன்சிலரோட ஒரு வருஷ சம்பளம் வரணும்னா அதைப்போல 20ல இருந்து 25 மடங்கு அசல் வேணும். போட்டவுடனே காசும் கொட்டாது. அதனால மூணு வருஷத்துக்கு இந்தப் பதவிக்கான சம்பளத்தை ஏத்துக்கங்கன்னு ரெண்டு மூணு பேர்கிட்ட உடனே செலவழிக்கற நன்கொடையா கேளுங்க, நிரந்தர நிதியை அந்த மூணு வருஷத்துல மெதுவா கட்டுங்க. நன்கொடை அலுவலகத்துக்குத் தெரியாம மட்டும் யார்கிட்டயும் போகாதீங்க, அவங்க வேற பெரிய விஷயத்துக்கு அதே ஆளை வருஷக்கணக்கா பேசிட்டு இருப்பாங்க, நடுவுல நீங்க சின்னதா கேட்டு வாங்கிட்டா பெரிய சண்டை.

அறக்கட்டளை மானியமும் அரசு மானியமும் உண்டு, ஆனா அவங்க திட்டத்துக்குக் கொடுப்பாங்க, சென்டரை ஓட்டறதுக்கு அபூர்வம். சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு தனி வழிகாட்டல், இப்படி எழுதினா கதவு திறக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தோட எராஸ்மஸ் பிளஸ் திட்டம் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு பணம் தருது. அமெரிக்காவுல வொர்க் ஸ்டடி நிதி, அதாவது மாணவர்கள் படிச்சுக்கிட்டே வேலை பார்க்க அரசு தர்ற நிதி, வாங்கற கல்லூரி, அதுல 10 சதவீதம் வரைக்கும், மேல ஒரு உச்சவரம்போட, மாணவர்களுக்கு பகுதிநேர வேலை தேடித் தர்ற பிரிவுக்கே செலவு பண்ணலாம். இந்த மாதிரி ஏற்கனவே வந்துட்டு இருக்கற ஒரு நிதிக்குள்ள உங்க வேலைக்கும் இடம் இருக்கான்னு நிதியுதவி ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. ஒரே ஒரு எச்சரிக்கை, ரெண்டு வருஷ மானியத்துல நிரந்தர ஆளை எடுக்காதீங்க, மானியம் முடியற அன்னிக்கு இன்னிக்கு இருக்கற அதே லெட்டரை மறுபடி எழுதுவீங்க.

காசா வராததும் இருக்கு. உங்க பல்கலைக்கழகத்துல உளவியலோ சமூகப்பணியோ முதுகலை இருந்தா அந்த மாணவர்களுக்கு களப்பயிற்சி மணிநேரம் தேவைப்படும், மேற்பார்வையோட முதல் கட்ட ரெஸ்யூமே வேலையை அவங்க பார்க்கலாம். மாக் இன்டர்வியூவுக்கு அலும்னி. கவுன்சிலருக்கு பதிலா இவங்கன்னு ஆக்கிடாதீங்க, அது நிர்வாகத்துக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கற சாக்கு.

வரிசை கேட்டா, இந்த மாசம் ஃபைனான்ஸ் கேள்விகளும் துறைவாரி கணக்கும், அடுத்து டீன்கள், அதுக்கப்புறம் ஸ்பான்சருக்கு மாத்தி எழுதின டிராஃப்ட், மத்ததெல்லாம் பின்னாடி.

கடைசியா ஒண்ணு, அந்த சாப்ட்வேர் அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டாச்சா இல்லையான்னு உங்க லெட்டர்ல தெளிவா இல்ல, "ஓகே சொல்லிட்டேன்"னு மட்டும் இருக்கு. வாயால சொன்னதோட நின்னிருந்தா இன்னிக்கே ஒரு மெயில் போடுங்க, பல்கலைக்கழக சட்டப் பிரிவோட ஒப்புதலுக்குப் பிறகுதான் எதுவும் உறுதின்னு. கையெழுத்து போட்டுட்டீங்கன்னா, உங்களுக்கு கையெழுத்து போட அதிகாரம் இருந்துச்சாங்கறதுதான் முதல் கேள்வி, டைரக்டர் பதவிக்கு பல இடத்துல அது கிடையாது. மறைக்காம உடனே சட்டப் பிரிவுகிட்ட காப்பியோட போங்க, அதுவரைக்கும் ஒரு மாணவர் பேரைக்கூட அதுல ஏத்தாதீங்க.